கல்லுக்கு வைக்க இருந்த பெயர்

எங்கள் மூத்த மகள் பெயர் இல்லாமல் செத்துப்போனாள். இப்படிப் பட்டென்று சொன்னால் கேட்பவர்களுக்கு முகம் சுருங்குகிறது. சுருங்கட்டும். அவளுக்கு ஒரு பெயர் வாங்கித் தருவதற்காக என் கணவர் பல வருஷம் வானத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் கூடவே போனேன், பாதி வழி சண்டை போட்டுக்கொண்டு. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் குரோம்பேட்டையில் குடியிருந்தோம். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய வீடு. காற்று திரும்பினால் தோல் பதனிடும் வாடை கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் லெக்சரர். நான் பல்லாவரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் ஒரே ஸ்டேஷனுக்கு ஒன்றாக நடந்து போய், அவர் தெற்கே போகிற எலக்ட்ரிக் ரயிலிலும் நான் வடக்கே போகிறதிலும் ஏறுவோம்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். குழந்தை பிறந்தால் சுருக்க ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைத்துவிடுவதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். என் கணவர் வீட்டில் அதற்குமேல் சில வழக்கங்கள் இருந்தன. தலைப்பிள்ளைக்கு அப்பாவின் அண்ணன்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும். கோயிலில் தண்ணீர் ஊற்றும்வரை பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மூத்தது பெண்ணாக இருந்தால் அப்பாவைப் பெற்றவள் பெயர். என் மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டவர். நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக இருந்தார். கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன் என்று எழுதினார். பிறகு தோட்டத்துத் துரை லீவு தரவில்லை என்று எழுதினார். அடுத்த கப்பல் என்றார். பங்குச் சாமியார் பூசை முடிந்து வாசலில் என்னை நிறுத்தி, "கப்பலுக்காகவா குழந்தையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? நாளைக்கே கொண்டாங்க" என்று கடிந்தார். நான் வீட்டுக்கு வந்து சொன்னேன். "அண்ணன் மனசு கஷ்டப்படும்" என்றார் கணவர். குழந்தையை எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். எனக்கும் ஒரு பெயர் மனதில் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

நாலாவது மாதம் ஒரு மத்தியானம் அவளுக்கு ஜன்னி கண்டது. அவர் கல்லூரியில் இருந்தார். எங்கள் வீட்டுக்காரம்மா, அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம், வயலை விற்று வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்கள், ஓடிப்போய் ரிக்ஷாவைக் கூட்டிவந்தாள். ரிக்ஷாக்காரர், "கெட்டியா புட்ச்சிக்கினு குந்தும்மா, தோ பூட்லாம்" என்று மிதித்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு ரயில் போயிற்று. எதிர்ப்பக்கத்து ரயிலும் போகட்டும் என்று கேட்டைத் திறக்கவில்லை. நான் முந்தானையை நனைத்து அவள் நெற்றியில் வைத்துக்கொண்டே இருந்தேன். கேட் திறந்தபோது அவள் உடம்பு மடியில் வேறு மாதிரி கனத்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"அவசரத்துக்கு யாராவது தண்ணி ஊத்தினீங்களா?" என்று கேட்டார் சாமியார். சாகக் கிடக்கிற குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று நானும் மறைக்கல்வியில் படித்தவள்தான். காய்ச்சலைத் தணிக்கத் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தவளிடம் வந்து கேட்கிற கேள்வியா அது? இல்லை என்றேன். கல்லறைத் தோட்டத்தில் மதிலோரமாக, ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கென்று ஒரு மூலை இருந்தது. அங்கே இடம் காட்டினார்கள். சிலுவை செய்ய வந்த தச்சர், "இன்னா பேரு எய்தறது சார்?" என்று கேட்டார். என் கணவர் அண்ணாந்து ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டே, "எழுத வேணாம், சும்மா வை" என்றார்.

அண்ணன் அடுத்த கப்பலில் வந்து சேர்ந்தார், பெரிய தகர டின் நிறைய பிஸ்கட்டோடு.

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. சாப்பாடு ஆச்சா, பால்காரன் வந்தானா, அவ்வளவுதான். அவருடன் படித்த ஒருவர் மலைமேல் ஒரு வானாய்வு நிலையத்தில் வேலையில் இருந்தார். லீவு விட்டால் இவர் அங்கே போய்விடுவார். அவர்கள் ஏதோ நட்சத்திரங்களின் வெளிச்சம் கூடிக் குறைவதைப் பார்க்க வானத்தின் ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் படம் என்றால் கண்ணாடி பிளேட்தான். அவர்கள் வேலை முடிந்த பிளேட்டுகளை இவர் கேட்டு வாங்கி, கறுப்புக் காகிதத்தில் சுற்றி, அண்ணனின் பிஸ்கட் டின்னில் வைக்கோல் போட்டு அடுக்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். டின்னைக் கீழே வைக்கச் சொன்னால் கேட்க மாட்டார். மடியில் ஏதாவது கனமாக இருக்க வேண்டியிருந்தது போலிருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, எனக்கு டின் இல்லை.

கல்லூரி லேபிலிருந்து, நுணுக்கமான தூரங்களை அளக்கிற டிராவலிங் மைக்ராஸ்கோப் ஒன்றை அனுமதி வாங்கிக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தார். பிளேட்டில் வானம் தலைகீழ்: வெள்ளைக் கண்ணாடியில் நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகள், ரவையில் விழுந்த மிளகுத்தூள் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் வெளிச்சம் போகும்வரை அதில் குனிந்தே கிடப்பார். வீட்டுக்காரம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு கண்ணாடில பேன் பாத்துகினு கீறாரு?" என்றாள். நான் சிரித்தேன். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

அப்படி ஒரு ஞாயிறு அவர் சமையலறைக்கு வந்து நின்றார். "ஒண்ணு நகர்ந்திருக்கு" என்றார். மாசி மாதத்துப் பிளேட் மூன்றில் ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. முதலில் தூசி என்று நினைத்தாராம். துடைத்தும் போகவில்லை. சும்மா நகர்ந்த தூசி இல்லை, ஒரே திசையில், ஒரே நிதானத்தில் நகர்ந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றி ஆயிரக்கணக்கில் கற்கள் போய்க்கொண்டிருக்கின்றன, அதில் ஒன்று, என்றார். சிறுகோள் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி வருமே, அதுதான். சின்னக் கல். படப்பையிலிருந்து தாம்பரம் வரை, எட்டொன்பது மைல் நீளம் இருந்தால் அதிகம்.

"அதுக்கு என்ன இப்போ?" என்றேன்.

"மூணு இடம் தெரிஞ்சா பாதையைக் கணக்குப் போட்டுடலாம். எனக்கு அந்த லாக் கணக்குக்குப் பொறுமை இல்ல. நீ போடுவே."

போட்டேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்து மிஞ்சிய தாள்கள், ஏழு தசம தானம் வரை போகிற லாக் டேபிள், ஒரு பென்சில். இருபது தாளுக்கு ஒரு தடவை எங்கோ ஒரு கழித்தல் குறி நழுவும், பழையபடி முதலிலிருந்து. மதியம் பள்ளிக்கூடத்து ஓய்வறையிலும் போட்டேன். மற்ற டீச்சர்கள் நான் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நினைத்தார்கள். என் குழந்தைக்கு என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்பதற்கு யாரிடமும் விடை இல்லை. இந்தக் கல்லுக்கு இருந்தது. நாலு வருஷத்துக்குச் சற்று மேல் ஒரு சுற்று என்று வந்தது. சூரியனுக்குக் கிட்டே வரும்போது எங்கே, தள்ளிப் போகும்போது எங்கே, எல்லாம் வந்தது. ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். அவர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து தாளைப் பார்த்தார். அந்த மாதங்களில்தான் நாங்கள் மறுபடி புருஷன் பெண்டாட்டி ஆனோம் என்று சொன்னால் தப்பில்லை.

இந்த மாதிரிக் கற்களுக்குக் கணக்கு வைத்திருக்கிற அலுவலகம் ஒன்று வெளிநாட்டில் இருந்தது. அங்கே எங்கள் அளவுகளை அனுப்பினார். வருஷத்தையும் இரண்டு எழுத்தையும் சேர்த்து அந்தக் கல்லுக்கு ஒரு தற்காலிக அடையாளம் கொடுத்தார்கள். இன்னும் இரண்டு மூன்று தடவை அது பூமிக்குப் பக்கமாக வரும்போது படம் எடுத்து, பாதை உறுதியானால்தான் நிரந்தர எண். எண் வந்த பிறகு, கண்டுபிடித்தவரே அதற்கு ஒரு பெயர் வைக்கலாம்.

"அங்கயும் காத்திருக்கணுமா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பாப்பா பேரை வெச்சுடலாம்" என்றார். "அம்மா பேர்."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். அவர் கண்ணால் பார்த்தது ஒரு புள்ளி. அதை ஒரு பாதையாக்கியது என் கை. பிள்ளையைப் பெற்றதும் நான்தான். பெயர் வைக்கிற இடம் வந்ததும் மட்டும் படத்தில் இருக்கிற மாமியார் இறங்கி வந்துவிடுகிறார். "பாப்பா பேர்னு யார் சொன்னா அது?" என்று கேட்டேன். குரல் வாசல்வரை கேட்டிருக்கும். "வெக்காத பேர் எப்படிப் பாப்பா பேராகும்? உங்க அண்ணன் வரலைன்னுதானே வெக்கல? இப்ப யாரு வரணும்?"

"அங்க யாரும் வர வேணாம்" என்றார் மெதுவாக. "தண்ணி ஊத்தினீங்களானு கேக்க மாட்டாங்க. மதிலோரமா வைனு சொல்ல மாட்டாங்க."

தாள்களை அடுக்கி மூடி வைத்தேன். மறுநாள் பென்சிலை எடுத்து, அடுத்த தடவை அது எங்கே தென்படும் என்ற கணக்கைத் தொடங்கினேன். அந்தப் பெயருக்காக இல்லை. கணக்குத் தவறினால் கல் தொலைந்துவிடும். அதைத் தொலைக்க எனக்கு மனம் வரவில்லை.

பதினாறு மாதத்துக்கு ஒரு தடவைதான் அது நமக்குச் சூரியனுக்கு நேர் எதிரே வரும், நன்றாகத் தெரியும். முதல் தடவை மாசி. அடுத்தது ஆனி, மலைமேல் மேகம் அடைத்துக்கொண்டிருக்கிற மாதம். நண்பர் தினமும் பிளேட்டும் கையுமாகக் காத்திருந்து ஒரே ஒரு படம் எடுத்தார். நான் குறித்த இடத்திலிருந்து ஒரு நெல்மணி தூரம் தள்ளி அந்தப் புள்ளி இருந்தது. பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கே போனாலும் சொன்னபடி திரும்பி வருகிற ஒன்றை நான் அப்போதுதான் பார்க்கிறேன்.

அந்த வருஷக் கடைசியில் எங்களுக்கு இன்னொரு பெண் பிறந்தாள். இந்தத் தடவை யாருக்காகவும் நிற்கவில்லை. அடுத்த ஞாயிறே கோயிலுக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தோம். அண்ணன் அதற்குள் மலேயாவை விட்டு வந்து, பக்கத்திலேயே அஸ்தினாபுரத்தில் இடம் வாங்கியிருந்தார். வந்து உட்கார்ந்து, "அப்புறம் என்ன, அம்மா பேர்தானே?" என்றார்.

"அது கொடுத்தாச்சு" என்றார் என் கணவர்.

"யாருக்கு?"

"பெரியவளுக்கு."

அண்ணனுக்குப் புரியவில்லை. புரிய வைத்தபோது முகம் சிவந்துவிட்டது. "உனக்குப் பைத்தியமா? பெத்த பொண்ணு தொட்டில்ல கிடக்கா. அம்மா பேரைக் கொண்டுபோய் வானத்துல ஒரு கல்லுக்கு வெக்கிறியா? அப்ப இந்தப் பொண்ணு யாரு?" என்று எழுந்தார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் ஞானஸ்நானத்துக்கு வரவில்லை. அதன் பிறகும் பல வருஷம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அன்று அண்ணன் போன பிறகும் நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் என் பக்கம் திரும்பி, "நீயே ஒரு பேர் சொல்லேன்" என்றார்.

முதல் தடவையாகக் கேட்டார். என் நாக்கு நுனியில் ஒரு பெயர் இருந்தது. அதை இவளுக்கு எடுத்துக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. சுவரில் தொங்கிய காலண்டரில் அந்த வாரத்துப் புனிதையின் பெயரைப் பார்த்துச் சொன்னேன். "நல்லா இருக்கே" என்றார். சின்னவள் இன்றுவரை அந்தப் பெயர் தனக்குப் பிடிக்கவில்லை என்கிறாள்.

அதற்கடுத்த தடவை கல் ஐப்பசியில் வந்தது. மழைக்காலமாகப் பார்த்து வருகிறதே என்று நான் அதைத் திட்டினேன். ஒரு பிளேட்கூடக் கிடைக்கவில்லை. தாம்பரம் பக்கமெல்லாம் ஏரி நிரம்பி, ரயில் தண்டவாளத்தில் தண்ணீர். என் கணவர் ஜன்னலோரம் நின்று, பெய்கிற மழையைத் தன் சொந்த விரோதியைப் போல முறைத்துக்கொண்டிருந்தார். இன்னும் பதினாறு மாதம். அதற்குள் பாதை கொஞ்சம் பிசகினாலும் ஆயிரம் புள்ளிகளுக்கு நடுவே அதைத் தேடிப் பிடிக்க முடியாது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சின்னவள் காலைக் கட்டிக்கொண்டால், எங்கிருந்தோ வந்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்ப்பார். எனக்குப் பயமாக இருந்தது. ஒரு கல் தொலைந்தால் போகட்டும். மனிதர் தொலைந்தால் நான் எந்த லாக் டேபிளை வைத்துத் தேடுவேன்?

பழைய கணக்கையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு வியாழனின் இழுப்பையும் சேர்த்துப் புதிதாகப் போட்டேன். சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் எழுதினேன். அடுத்த மாசியில் நண்பர் இரண்டு நல்ல படம் எடுத்தார். புள்ளி நான் சொன்ன இடத்திலேயே இருந்தது. கணவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினோம். இனி எண் வரும், பிறகு பெயர். மாமியார் பெயர்தான் என்றாலும் வரட்டும், அவர் மனம் ஆறட்டும் என்று நான்கூட இறங்கி வந்திருந்தேன்.

பதில் வர வருஷம் திரும்பிவிட்டது. எழுபதுகள் பிறந்துவிட்டிருந்தன. சின்னவள் ஓயாமல் பேச ஆரம்பித்திருந்தாள். பதில் வந்த அன்று மத்தியானம் எனக்குப் பள்ளி இல்லை. அவர் நேரத்தோடு வந்து, சட்டைகூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். எங்கள் அளவுகளால் பாதை உறுதியாகிவிட்டது. அப்படி உறுதியானதால், அந்தப் பாதையில் பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடிந்தது. பல வருஷங்களுக்கு முன்பே ஐரோப்பாவில் ஒரு வானாய்வு நிலையத்தில் அதே கல்லைக் கண்டுபிடித்துப் பதிவு செய்து, பிறகு தொலைத்துவிட்டிருக்கிறார்கள். தொலைந்ததைக் கண்டெடுத்துக் கொடுத்ததற்கு எங்களுக்கு மனமார்ந்த நன்றி. கண்டுபிடித்த பெருமையும் பெயர் வைக்கும் உரிமையும் அவர்களுக்கு.

திரும்ப ஒருமுறை படித்தேன். என் கணக்கு ஒரு குறிகூடத் தப்பவில்லை. தப்பாமல் இருந்ததால்தான் கல் கையைவிட்டுப் போயிற்று. இரண்டு கழித்தல் குறியை நழுவ விட்டிருந்தால் அது தொலைந்திருக்கும், தொலைந்தாலும் எங்களுடையதாக இருந்திருக்கும். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் காகிதத்தை மடித்தேன், பிரித்தேன்.

"எங்கயும் இல்லாம போயிட்டா" என்றார் அவர். "சிலுவையில இல்ல. கோயில் ரிஜிஸ்தர்ல இல்ல. இப்ப அங்கயும் இல்ல. பேரே இல்லாத பொண்ணு."

நான் காகிதத்தைக் கீழே போட்டேன். "அவளுக்குப் பேர் இருந்தது" என்றேன்.

"அம்மா பேர்..."

"உங்க அம்மா பேர் இல்ல. நான் வெச்ச பேர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எப்ப வெச்சே?"

"பொறந்த அன்னிக்கே. நீங்க அந்தப் பக்கம் காலேஜுக்குப் போனதும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். குளிப்பாட்டும்போது, பால் குடுக்கும்போது. நாலு மாசமும்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். சின்னவள் தரையில் பிஸ்கட் டின்னின் மூடியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "கூப்பிட்டா திரும்புவாளா?" என்று கேட்டார்.

"திரும்புவா. காலை உதைச்சுக்கிட்டு சிரிப்பா."

"என்ன பேர்?"

சொன்னேன். அவர் உதட்டை அசைத்துச் சத்தமில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, தொட்டிலில் கிடக்கிற குழந்தையைக் கூப்பிடுகிற குரலில், அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டார்.

சின்னவள் மூடியைக் கையால் அமுக்கி நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருப்பா அது?"

"உங்க அக்கா" என்றார்.